இந்தப் பங்கை நான் விற்பதாயில்லை

இல்லத்தில் இல்லாத என் இல்லத்தரசிக்கு,

இங்கு நான் நலம். சமையலறைப் பல்லியும் நலம். அங்கு நீ, மகள், மாப்பிள்ளை, ஏழு மாதப் பேத்தி எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நான் வாயைத் திறந்தாலே குழந்தை அழ ஆரம்பித்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், கோபப்படாதே. நீ போன மூன்றாம் மாதம், பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், கீழே மருந்துக்கடைக்காரரிடம் பங்குச் சந்தை கற்றுக்கொண்டேன். அவர் கம்பெனி பெயரைக்கூடப் பார்ப்பதில்லை. விலை ஏறி இறங்கும் கோடு என்ன உருவத்தில் இருக்கிறதோ, அதை வைத்தே நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று சொல்லிவிடுவார். முப்பத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவனுக்கு நிழலைப் பார்த்துச் சொல்வது பெரிய விஷயமா என்று நானும் இறங்கிவிட்டேன்.

முதலில் 'கோப்பையும் கைப்பிடியும்' வந்தது. கோடு கோப்பை மாதிரி வளைந்து எழுந்து, பக்கத்தில் சின்னதாக ஒரு கைப்பிடி போட்டால் அடுத்து விலை பறக்குமாம். வாங்கினேன். பறக்குமா பறக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் வைத்த பால் பொங்கி, பாத்திரம் கருகி, மாடிவீட்டு டெய்லரம்மா ஓடிவந்து, "என்னண்ணே, வீட்டையே கொளுத்திட்டீங்களா?"ன்னு கேட்டு, அதற்குள் பங்கும் பாதாளத்துக்குப் போயிடுச்சு. அடுத்து 'தலையும் தோளும்'. நடுவே ஓர் உச்சி, இரண்டு பக்கமும் அதைவிடத் தாழ்ந்த உச்சிகள். இது வந்தால் விற்றுவிட வேண்டும் என்றார் கடைக்காரர். "வலது தோள் சரியா விழலைங்க, ஆள் நேரா நிக்கல, இன்னொரு படம் எடுத்துப் பாத்துடலாம்"னேன். "அண்ணே, இது எலும்பு இல்ல, பங்கு! வித்துடுங்க"ன்னு தலையில அடிச்சுக்கிட்டார். நான் பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க"ன்னு சொல்லிட்டேன். அசைஞ்சுடுச்சு. கட்டில் மாற்ற வைத்திருந்த பணத்தில் பாதி போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. நீ போனில் பேசிய நேரத்தையெல்லாம் ஒரு கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். போன புதிதில் நாற்பது நிமிஷம்: மாத்திரை போட்டீங்களா, வாசல் விளக்கை அணைச்சீங்களா, சட்டையை உதறிக் காயப்போட்டீங்களா... அப்புறம் இருபது, பன்னிரண்டு. போன வாரம் மூணே நிமிஷம்; அதுலயும் ரெண்டு நிமிஷம் குழந்தைதான் பேசினா.

அந்தத் தாள் மேசையில் கிடந்ததைக் கடைக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டார். "என்ன பங்குண்ணே இது? சுத்தமா இறங்குமுகம். இனி எழுந்திரிக்காது. கெடைச்ச விலைக்கு வித்துட்டு வெளிய வாங்க." எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, "நீங்க மாத்திரை விக்கிற வேலையைப் பாருங்க, இதை நான் விக்கிறதா இல்ல!"ன்னு கத்திட்டேன். மனுஷன் பயந்துபோய், "அவ்வளவு புடிச்ச பங்கா?"ன்னார். "முப்பத்தாறு வருஷமா வச்சிருக்கேன்"னேன். என்ன புரிந்ததோ, தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாளே பங்குக் கணக்கை மூடிவிட்டேன். வீடு சுத்தமாக இருக்கிறது. உன் தலையணை உறையை மட்டும் இன்னும் துவைக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்.

ஆகவே என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். குழந்தை நடக்கும்வரை, ஏன், பள்ளிக்கூடம் போகும்வரைகூட இருந்துவிட்டு வா. அவசரமே இல்லை. மகள் நூறாண்டு நன்றாயிருக்கட்டும், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் என் கணக்கில் முத்தம்.

இப்படிக்கு,
சௌகரியமாக இருக்கும் உன் கணவன்

பின்குறிப்பு: சௌகரியம் என்று எழுதியது பொய். அவசரமில்லை என்றது அதைவிடப் பெரிய பொய். வியாழக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிட்டால், தயவுசெய்து இதைப் பிரிக்காமல் என் கையிலேயே கொடுத்துவிடு.