சாவித்ரியின் சங்கல்பம்

மனைவியின் பெட்டியை எங்கே ஒளித்து வைப்பது என்று புரோகிதர் சுப்பு வாத்தியாருக்குப் புரியவில்லை. பரணில் வைத்தால் எட்டிப் பார்த்துவிடுவாள். கட்டிலுக்கு அடியில் வைத்தால் பெருக்கும்போது துடைப்பம் இடிக்கும். கரமனை அக்கிரகாரத்து வீட்டுக்கு நீளத்தில் குறைச்சலில்லை. ஒரு பெட்டியை ஒளிக்கத்தான் இடம் கிடையாது.

கடைசியில் பழைய வேட்டியைச் சுற்றி, ஹோம சாமான் மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, சாலைக் கடைத்தெருவில் பூஜை சாமான் விற்கும் மகேஷ்குமாரின் கடைக்கே கொண்டுபோய்விட்டார்.

மகேஷ்குமார் வேட்டியை விலக்கிப் பார்த்தார். "என்ன சாமி, மாமிக்க பெட்டில்லா இது?"

"உஷ்! போட்டோவக் காட்டி வயித்தெரிச்சலக் கொட்டிண்டது நீர்தானேய்யா? ரெண்டு நாள் இத வச்சுக்கும்."

போட்டோவைக் காட்டியது மகேஷ்குமார்தான். ஊரில் ஏதோ புகைப்படக் கண்காட்சி. அங்கே மாட்டியிருந்த ஒரு படத்தைப் போனில் எடுத்து யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். ஆற்றுப் படித்துறையில் அந்த நீலப் பெட்டியோடு சாவித்ரி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் அப்படி ஒரு துக்கம். கீழே மலையாளத்தில் தலைப்பு: 'இனித் திரும்பிப் பார்க்க மாட்டேன்'.

வாத்தியார் அன்றே கண்காட்சிக்கு ஓடினார். அங்கே இரண்டு அறைகள். ஒன்றின் வாசலில் மலையாளத்தில் 'யதார்த்தம்', மற்றதில் 'சங்கல்பம்'. ஆழ்வார்குறிச்சியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து நாலு வருஷத்தில் பஸ் போர்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டதுதான் அவருடைய மலையாளம். ஆனால் இந்த இரண்டு சொல்லுக்கும் அர்த்தம் கேட்க அவருக்கு என்ன அவசியம்?

'யதார்த்தமா வந்தேன்' என்றால் ஒன்றும் நினைக்காமல் வந்தேன் என்று அர்த்தம். அந்த அறையில் மீன்காரி, லாட்டரிக்காரர், மழையில் நனையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சும்மா நின்றவர்களைச் சும்மா எடுத்த படங்கள். சரிதான்.

சங்கல்பம்? அதைத் தினமும் நாலு பேருக்குச் சொல்லி வைப்பதே அவர் பிழைப்பு. வலது தொடையில் கைமேல் கை வைத்து, 'இன்ன காரியத்தைச் செய்யப்போகிறேன்' என்று உறுதி சொல்வது. சொன்னால் செய்தே தீரவேண்டும். சாவித்ரியின் படம் அந்த அறையில் இருந்தது. பாவி, கையையும் வலது தொடையில்தான் வைத்திருந்தாள்!

அப்படியானால் வீட்டை விட்டுப் போவதென்று முடிவே கட்டிவிட்டாள். சாவித்ரி இல்லாத வீட்டை வாத்தியாரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஒரே ஆறுதல், சங்கல்பத்தை வாயால் சொன்னால்தான் அது பலிக்கும். அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் விடக்கூடாது.

பெட்டி கடைக்குப் போன அன்று சாயங்காலம் சாவித்ரி ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"ஏன்னா, என் நீலப் பெட்டியக் கண்டேளா?"

"அது இப்ப எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை நான்..."

"சொல்லாதே!"

"என்னது?"

"வாயத் திறக்காதே. மொதல்ல தண்ணி குடி."

சாவித்ரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா ஒங்களுக்கு? நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

வாத்தியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டார்.

மறுநாள் காலையில் அவள் பேசவில்லை. வாட்ஸப்பில் அனுப்பினாள்: 'வெள்ளி காலை கொச்சி. மூன்று நாள். ஆபீஸ் ட்ரெயினிங்.'

ட்ரெயினிங்காம் ட்ரெயினிங்! நாலு வருஷமாக இல்லாத ட்ரெயினிங் இந்த வாரம் எங்கிருந்து முளைத்தது? வாத்தியார் அவளுடைய மேனேஜர் ஜெயந்துக்கே போன் போட்டார். கரமனையில் பிறந்து மலையாளத்தில் படித்து வளர்ந்தவர் அவர்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கொச்சி ட்ரெயினிங் யதார்த்தமா, சங்கல்பமா?"

மறுமுனையில் குரல் சட்டென்று ஏறியது.

"ஓஹோ! நான் கள்ளம் சொல்றேன்னாக்கும் ஒங்க விசாரம்? ஸ்டாஃப நான் எங்க கூட்டிண்டு போறேன்னு சந்தேகம், அல்லே?"

"ஐயையோ, நான் கேட்டது..."

"வேண்டாம் ஸ்வாமி. ஒங்காத்துப் பிரச்சினை தீரட்டும். சாவித்ரி அடுத்த வருஷம் போனாப் போரும்."

வாத்தியாருக்கு மேனேஜர் ஏன் கோபித்துக்கொண்டார் என்பது விளங்கவில்லை. எப்படியோ, கொச்சி ஒழிந்தது! அன்றைக்குப் பால் பாயசம் வைத்துச் சாப்பிட்டார், தனியாக.

சாயங்காலம் சாவித்ரி புயல் மாதிரி வந்தாள்.

"ட்ரெயினிங் போச்சு. அதோட ப்ரமோஷனும் போச்சு. ஜெயந்த் சார்ட்ட என்னத்தக் கேட்டுத் தொலைச்சேள்?"

"சாவித்ரி, கோபத்துல எதையும் வாய்விட்டுச் சொல்லிடாதே!"

"பெட்டிய மகேஷ்குமார் கடைல பாத்தேன்னு அங்க பெருக்கற தாசம்மாள் சொல்றா. என்ன நடக்கறது இங்க? போறும்னா. இனிமே நான் இந்தாத்துல..."

வாத்தியார் ஒரே பாய்ச்சலில் மைசூர்பாகு ஒன்றை எடுத்து அவள் வாயில் போட்டுவிட்டார்.

சாவித்ரி அதை நிதானமாக மென்றாள். விழுங்கினாள். கண் கலங்கியிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்லவேளை, சொல்லவில்லை! வாத்தியார் நிம்மதியாகக் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார்.

மறுநாள் அவள் கதவு திறக்குமுன்பே, இருட்டோடு ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பிப் போனார். அதை முடித்த கையோடு, அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்க வைக்காமல் விடுவதில்லை என்று கண்காட்சிக்குப் போனார். அப்போதுதான் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள், படம் எடுத்த அஸ்வதி. சாவித்ரியின் ஆபீஸில் வேலை பார்க்கும் வலியசாலைப் பெண்.

"ஏண்டிம்மா, ஒரு குடும்பஸ்திரீ சங்கல்பம் பண்ணிக்கறத இப்படி ஊருக்கே மாட்டி வைக்கலாமா?"

அஸ்வதி விழித்தாள். அவர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்ததும், வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, இங்க மலையாளத்துல சங்கல்பம்னா கற்பனையாக்கும். யதார்த்தம்னா நிஜம். நடந்தத நடந்தபடி எடுத்தா அது அந்த ரூம். நம்ம மனசுல தோணினத ஒருத்தர நடிக்க வச்சு எடுத்தா அது இந்த ரூம். சாவித்ரிக்கா சும்மா நடிச்சதல்லவா!"

"அந்தக் கை?"

"புடவைல காப்பி சிந்திடுத்து. மறைக்கச் சொன்னேன்."

"அந்த துக்கம்?"

"அத வரவழைக்க நான் பட்ட பாடு! சிரிச்சுண்டே இருந்தா. 'ஆத்துக்காரர் பாத்தா ஒண்ணும் சொல்லமாட்டாரா'ன்னு கேட்டேன். 'அவரா? சந்தேகப்படவே தெரியாத மனுஷன்'னா."

வாத்தியாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. கற்பனை! வெறும் கற்பனை! இப்போதே மகேஷ்குமார் கடைக்குப் போய்ப் பெட்டியை மீட்க வேண்டும். ஜெயந்தின் காலில் விழ வேண்டும். சாவித்ரி என்ன சொன்னாலும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்க வேண்டும். முதலில் அந்த அழகான படத்தை நன்றாகப் பார்த்துவிடலாம் என்று சங்கல்ப அறைக்குள் நுழைந்தார்.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அடுத்த அறையில் சுத்தியலும் கையுமாக நின்றாள் தாசம்மாள். காலையில் இந்த இடத்தையும் மத்தியானம் மகேஷ்குமார் கடையையும் பெருக்குகிறவள்.

"தாசம்மா, எங்காத்து மாமி படம் எங்கே?"

"இன்னா, இங்கதான் மாட்டுதேன் சாமி. விடியக்காலமே மாமி ரெண்டு கட்டப்பையோட வந்தாவ, 'இனி இது யதார்த்தம் ரூம்ல இருக்கட்டும்'னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாவ."