தாண்டுகிறவர்களின் நாடு

ஓடைநாட்டில் ஆறுகள் உண்டு, பாலப் பொறியாளர்கள் உண்டு, பாலம் மட்டும் கிடையாது. பொறியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை உலகிலேயே கடுமையானது என்பதில் அரசருக்கு ஒரே பெருமை. பதினேழு வயதானதும் பிள்ளைகள் அரண்மனை அகழியைத் தாண்ட வேண்டும். அக்கரையில் குதித்தவருக்குப் பட்டம். தண்ணீரில் விழுந்தவர் ஆயுள் முழுக்கச் சுமை தூக்க வேண்டும்.

தாண்டுவதற்கும் பாலம் கட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளைத் தாண்டல் பள்ளியில் சேர்க்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பட்டம் பெற்றவர்கள் பாலம் கட்டவில்லை. தாண்டத் தெரிந்தவனுக்குப் பாலம் எதற்கு? நன்றாகத் தாண்டியவர்கள் நாட்டின் எல்லையையும் தாண்டிப் போனார்கள். அரசவை கைதட்டியது.

ஒரு மழைக்காலத்தில் பிரசவ வலியெடுத்த ஒருத்தி, வைத்தியரிடம் போக ஆற்றைக் கடக்க முடியாமல் கரையிலேயே செத்தாள். செய்தி அரசவைக்கு வந்தது.

"பொறியாளர்களின் தரம் தாழ்ந்துவிட்டது, மன்னா. அகழியை இன்னும் அகலமாக வெட்டுவோம்" என்றார் கல்வி அமைச்சர்.

இந்தப் புத்திக்கு என்ன பெயர் வைப்பது? யோசித்துப் பார்த்துவிட்டேன். வசவைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை.

செத்தவளின் தங்கை வஞ்சிக்கொடி. தாண்டுவதில் கெட்டிக்காரியும் இல்லை, அடியோடு மோசமும் இல்லை. நடுத்தரம். பாலம் கட்டும் ஆசை மட்டும் அவளுக்கு நடுத்தரமாக இல்லை. அந்த ஆண்டு தேர்வில் அவள் பாதி அகழியில் விழுந்தாள். முக்கால்வாசிப் பிள்ளைகளும் விழுந்தார்கள். அமைச்சர் மகன், முன்பு தோற்றவர்களின் தோளில் உட்கார்ந்து கால் நனையாமல் அக்கரை சேர்ந்தான். அதுவும் தாண்டல்தான் என்று கரைப் பந்தலில் உட்கார்ந்திருந்த நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

வஞ்சிக்கொடி கழுத்தளவு தண்ணீரில் நின்று அதைப் பார்த்தாள்.

"அழுதுக்கிட்டே நின்னா ஆச்சா? அந்தப் பந்தக்காலப் புடுங்குங்கடா!" என்று விழுந்தவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

பந்தலின் பனங்கால்களைக் கயிற்றால் கட்டி அகழியின் குறுக்கே போட்டார்கள். சரிந்தது. மறுபடியும் கட்டினார்கள். அதுவும் சரிந்தது. அடுத்த முறை நின்றது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தயிர்க்காரி, கூடையோடு அதன்மேல் நடந்து அக்கரை போய்ச் சேர்ந்தாள்.

"மோசடி! தாண்ட வேண்டிய இடத்தில் நடக்கிறார்கள்!" என்று அலறிக்கொண்டு அமைச்சர் ஓடி வந்தார். பின்னாலேயே அரசரும் வந்தார். இருவரும் பாலத்தின் நடுவில் நின்றார்கள்.

"தோற்றவர்கள் கட்டிய பாலம் நாட்டுக்கே அவமானம். உடைத்தெறி!" என்றார் அரசர்.

"நீங்க நிக்கிறதே அதும்மேலதாங்க மகாராஜா. கரையேறிடுங்க, அப்புறமா..."

"எனக்கே பாடமா? இந்தக் கணமே உடை!"

வஞ்சிக்கொடிக்கு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. "உத்தரவுங்க" என்று கயிற்றை அவிழ்த்தாள்.

இருவரும் நடு அகழியில் விழுந்தார்கள். நடுவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீரில் விழுந்தவர் சுமை தூக்க வேண்டும் என்ற சட்டத்தில், அரசருக்கு விலக்கு என்று எங்கும் சொல்லவில்லை.

தயிர்க்காரிதான் முதலில் கூடையை நீட்டினாள்.