நிலாவில் மூன்று பிட்டு உடைத்தவர்

நிலாவில் முதன்முதலாகத் துளை போட்டவர் அமெரிக்காக்காரரும் இல்லை, ரஷ்யாக்காரரும் இல்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். இதை அவர் வாயாலேயே முந்நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கேட்காதவர் யாராவது இருந்தால், அவர் தோட்டத்தில் நாங்கள் இன்னும் போர் போடவில்லை என்று அர்த்தம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றினேன், லாரி பாடி கட்டும் பட்டறையில் பழைய பெயிண்ட் சுரண்டினேன். எதிலும் ஆறு மாதம் தாங்காமல் அந்த ரிக்கில் ராடு மாட்டப் போய்ச் சேர்ந்தேன். ராடுகளின் மேலேயே தூக்கம். சோற்றில் கல்தூள் விழும், ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம்.

முதல் நாளே டிரில்லரண்ணன் என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டார். முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு செய்தித்தாள் துண்டு, லேமினேட் செய்து மாட்டியிருந்தது. நிலாவில் இறங்கப்போகும் வண்டியைப் பழக்கிப் பார்க்க நிலா மண்ணைப் போலவே ஒரு மண் தேவைப்பட்டதாம். அது நம் சித்தம்பூண்டிப் பக்கத்து வெள்ளைப் பாறையில் கிடைத்து, அரைத்து எடுத்துப் போனார்களாம்.

"அந்த வெள்ளக்கல்லுல அவங்களுக்கு முன்னாடியே போர் போட்டவன் நானு. மூணு பிட்டு ஒடஞ்சுது. அப்ப நான் போர் போட்டது எங்க, சாமி?"

"சித்தம்பூண்டிலீங்ணா."

"நெலாவுல," என்றார்.

நான் ஆடிப்போய்விட்டேன். பிட்டு என்பது ராடு நுனியில் பாறையை உடைத்துக்கொண்டு இறங்கும் இரும்புத் தலை. அதில் மூன்றை உடைத்தவர் எதையும் உடைப்பார் என்று அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு கடினமான பாறை வந்தாலும் நிலாவுக்கு இது பரவாயில்லை என்பார். அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று தோட்டக்காரர்கள் கேட்டால், இருநூறு அடிக்கு ஈரமே கிடையாது, தானே பார்த்ததாகச் சொல்வார்.

நம் வண்டி நிலாவில் இறங்கிய அன்று சாயங்காலம் ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். டிரில்லரண்ணன் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கவில்லை என்று ரிக் கோபுரத்தின் உச்சிக்கே ஏறிவிட்டார். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் செல்போன். கீழே தோட்டக்காரர் போட்ட சத்தம் அவர் காதில் விழவில்லை. இறங்கி வந்தவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நம்ம மண்ணுல பழகுன காலு. வழுக்குமா?"

 தோட்டக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போய் ஜிலேபி வாங்கி வந்தார்.

அடுத்த வருஷம் சீனாவின் வண்டி நிலாவுக்குப் பின்பக்கம் இறங்கி, மண்ணையே அள்ளிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டது. டீக்கடையில் பேப்பர் பார்த்து அதை அவரிடம் சொன்னவன் நான்தான். கையிலிருந்த போண்டா வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது.

"அள்ளிட்டே போயிட்டானா?"

"ஆமாங்ணா."

"ஒரு வார்த்த கேக்காம?"

"யாருகிட்டங்ணா கேக்கறது?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கேட்க வேண்டிய ஆள் யார் என்று புரிந்தது. அன்று மத்தியானமும் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் முதலாளி வந்ததும் சபதம் செய்தார். நாமும் நிலா மண்ணை ஒரு கைப்பிடி அள்ளி வரும்வரை, தான் போடும் குழிக்குள் சீனாவில் செய்த பிட்டு இறங்காது. இறங்கினால் மீசையை எடுத்துவிடுவதாக.

லேசான மீசை இல்லை அது. கன்னத்தைத் தாண்டி வெளியே நிற்கும். எங்கே ராடில் சிக்கிக்கொள்ளுமோ என்று நாங்கள் பயந்துகொண்டே வேலை செய்வோம். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மேலே வரும் தூளைப் பார்த்தே அடியில் தண்ணீர் உண்டா என்று சொல்லும் ஆள் அவருக்கு வேறு கிடையாது. டிரில்லரண்ணன் பார்க்காதபோது ஒரு சீனாப் பிட்டை டூல் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்ததோடு விட்டுவிட்டார்.

அதற்கடுத்த சித்திரையில் நாமக்கல் பக்கம் சரசக்காவின் கோழிப்பண்ணைக்குப் போனோம். அவருடைய பழைய போர் முந்தின நாள்தான் வற்றியிருந்தது. போன கோடையில் ஒரே மத்தியானத்தில் பாதிக் கோழிகளை வெயிலுக்குப் பறிகொடுத்தவர் அவர். இந்தத் தடவை மீதியும் போனால் பண்ணையை மூட வேண்டியதுதான்.

அறுநூறு அடியில் எங்கள் பிட்டு தேய்ந்து மொட்டையாகிவிட்டது. ராடுகளை எல்லாம் கழற்றி மேலே எடுத்தோம். வேறு உள்ளூர்ப் பிட்டு நாளைக்குத்தான் வரும் என்றார் கடைக்காரர். வர வேண்டிய தண்ணீர் லாரி பாதி வழியில் ரிப்பேராகி நின்றது. மணி பதினொன்று. கொட்டகைக்குள் கோழிகள் அலகைத் திறந்தபடி இளைத்தன. நான் பெட்டிக்கு அடியிலிருந்து சீனாப் பிட்டை எடுத்து வைத்தேன். டிரில்லரண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரிக் வண்டி நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

சரசக்கா ஒரு கோழியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். அதன் தலை தொங்கியது.

"ஏனுங்ணா, எந்த நாட்டுப் பிட்டுன்னு கேட்டுட்டா இது தண்ணி குடிக்கும்?"

அவர் கோழியைத் தூக்கி நிழலில் கிடத்தினார். பிறகு என்னிடம் பிளேடு கேட்டார்.

"மொதல்ல பிட்டு எறங்கட்டுங்ணா. செரைக்கறதுக்குத் தண்ணிகூட இல்லீங்களே," என்றேன்.

"சொன்னது சொன்னதுதான். எறங்கறதுக்கு முன்னாடி எடுத்துப்போடோணும்."

ரிக் வண்டியின் கண்ணாடியைப் பார்த்து வறட்டுச் சவரம். சோப்பு இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிளேடு தோலைச் சுரண்டும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் பசியில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ராடு விழுந்து விரல் நசுங்கியதைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்க்க முடியவில்லை. சரசக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பி நின்றவர் யாரோ ஓர் ஆள். உதட்டுக்கு மேலே ரத்தம் புள்ளிபுள்ளியாக நின்றது.

வழக்கம்போல எலுமிச்சம்பழம் வைத்து, சீனாப் பிட்டுக்குக் குங்குமம் வைத்தார். தொட்டுக் கும்பிட்டார்.

"ஊடு தேடி வந்துட்ட, சாமி. கோழியக் காப்பாத்திக் குடு."

எழுநூற்று நாற்பது அடியில் தூள் நின்று தண்ணீர் பீறிட்டது. குடம், பக்கெட், என் சோற்றுத் தட்டு, கையில் கிடைத்ததிலெல்லாம் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினோம். கடைசிக் கோழியும் அலகை நனைத்த பிறகுதான் அவர் தன் உதட்டைக் கழுவினார். எரிகிறதா என்று கேட்டேன். பிட்டு தேய்ந்திருக்கிறதா பார் என்றார். தேயவில்லை. விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான்," என்றார். "வெளிய சொல்லிப்போடாத."

இன்றுவரை சொல்லவில்லை. அந்த ரிக்கிலும் நான் தங்கவில்லை. இப்போது வேறு ஊர், வேறு வேலை. சில நாள் பட்டப்பகலிலேயே நிலா வெளுத்துப்போய் நிற்கிறது. போட்டி போட்டுக்கொண்டு யார் யாரோ அங்கே போகிறார்கள். பார்த்துக் காலை வையுங்கள் என்று சொல்லத் தோன்றும். எங்கள் டிரில்லரண்ணனின் மூன்று பிட்டு அங்கே உடைந்து கிடக்கிறது.