சம்பந்தி வீட்டு இன்ஜின்

உலகத்தில் மெக்கானிக்குகள் என்றொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கென்றே இன்னொரு கூட்டமும் இருக்கிறது. இந்த இரண்டாவது இனத்தை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். ஏதோ ஒரு சாமான் ரிப்பேராகி, வீட்டுக்காரர் போனை எடுத்து ஆள் கூப்பிடப் போகும் சமயம் பார்த்து, எங்கிருந்தோ ஒரு கை நீண்டு வந்து அந்தப் போனை மெல்லக் கீழே இறக்கும். "இதுக்கு எதுக்குங்க ஆளு? நாமே பண்ணிடலாம்" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் கையும் குரலும் யாருடையதோ, அவர்தான் நாம் தேடுகிற ஆசாமி.

"நாமே" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அதில் நீங்களும் சேர்த்தி. டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பது நீங்கள், உருண்டு போன திருகாணியைத் தேடி அலமாரிக்கடியில் தவழ்வது நீங்கள், "வெளிச்சத்தை என் மூஞ்சில அடிக்காதீங்க" என்று ஏச்சு வாங்குவதும் நீங்கள்தான். பாராட்டு வந்தால் மட்டும் "நான்" ஆகிவிடும்.

இவர் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அழைப்பு மணியை அழுத்தினால் வாசல் விளக்கு எரியும். விளக்கின் சுவிட்சைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. மின்விசிறி சுற்றும், ஆனால் அதற்கடியில் உட்கார வீட்டில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. மிக்ஸியைப் போடுவதற்கு முன் இவர் மனைவி எல்லோரையும் ஓரடி தள்ளி நிற்கச் சொல்வார். புகார் சொல்லிப் பாருங்கள். "ஓடுதா இல்லையா?" என்று கேட்பார். ஓடுகிறதுதான், அதை யாரால் மறுக்க முடியும்? எப்படி ஓடுகிறது என்று கேட்பவர்கள் இவர் கணக்கில் நன்றி கெட்டவர்கள்.

இதெல்லாம் தன் வீட்டோடு நின்றிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்? நம்மவருக்கு ஒரே மகள். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. சம்பந்தி வீட்டைச் சுற்றிப் பெரிய புல்வெளி. அதை வெட்ட ஒரு பழைய தோட்ட டிராக்டர் வைத்திருந்தார்கள். வயலை உழுகிற பெரிய வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற குட்டி வண்டி. அடிவயிற்றில் புல் வெட்டும் கத்தி சுற்றும், முன்னால் இன்ஜின் இருக்கும், இன்ஜினிலிருந்து பெல்ட் போட்டுச் சக்கரத்தையும் கத்தியையும் ஓட்டுவார்கள். அந்த இன்ஜின் தேய்ந்துபோய், பெட்ரோலைவிட ஆயிலை அதிகம் குடித்து, அது கிளம்பினால் தெருவே ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குப் புகை விட்டுக்கொண்டிருந்தது. வேறு இன்ஜின் மாற்றச் சொல்லலாம் என்று சம்பந்தி போனை எடுத்தார்.

அன்றைக்குப் பார்த்துத்தானா நம்மவர் மகளைப் பார்க்க அங்கே போயிருக்க வேண்டும்?

"என்ன சம்பந்தி, வீட்டுல நான் ஒருத்தன் இருக்கும்போது வெளி ஆளா? நாலு போல்ட்டு. பழசைக் கழட்டி புதுசை வெச்சா முடிஞ்சுது."

சம்பந்தி ஓய்வு பெற்ற நூலகர். சத்தமாகத் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிற மனிதர். பெண் கொடுத்த இடம் ஆசையாக ஒன்றைச் சொல்லும்போது எப்படி வேண்டாம் என்பது? "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றார். நாகரிகமான மனிதர்களின் மொழியில் அதற்கு, தயவுசெய்து தொடாதீர்கள் என்று அர்த்தம். நம்மவருக்கு அந்த மொழி தெரியாது. "நமக்குள்ள என்ன சிரமம்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மகளின் முகம் வெளுத்துப்போனது. பிறந்த வீட்டு அழைப்பு மணி அவளுக்குத் தெரியுமே.

இன்ஜின் வாங்கப் போனதைக் கேளுங்கள். பழைய சாமான் கடையில், சிமென்ட் கலவை போடும் இயந்திரத்திலிருந்து கழற்றிய இன்ஜின் ஒன்று கிடந்தது. நம்மவர் அதன் குதிரைத்திறனைப் படித்தார். நாலு துளைக்கும் இடையே டேப் வைத்து அளந்தார். தண்டின் தடிமனை நூல் சுற்றிப் பார்த்தார், காலால் ஒரு தட்டுத் தட்டினார். கடைக்காரர் அதை ஓடவிட்டுக் காட்டியபோது கச்சேரியில் உட்கார்ந்தவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். "சத்தம் ஒண்ணு போதும், இன்ஜினோட ஜாதகமே சொல்லிடுவேன்." கண்ணைத் திறந்து வைத்திருந்தால் ஒரு விஷயத்தைப் பார்த்திருக்கலாம். பழைய இன்ஜின் எந்தப் பக்கமாகச் சுற்றியதோ, இது அதற்கு நேரெதிர்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பமாயிற்று. "ஒயரைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கலாமா மாமா?" என்று மருமகன் பணிவாகக் கேட்டான். நம்மவர் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். எல்லாம் அங்கே இருக்கிறதாம். மத்தியானத்துக்குள் முன் மூடி ரோஜாச் செடியின் மேலும், பாட்டரி வராந்தா நாற்காலியிலும், பழைய இன்ஜின் சம்பந்தியம்மா துணி காய வைக்கும் இடத்திலும் இருந்தன. புகைக்குழாய் மூடியில் இடித்தது. "மூடிதான் தப்பு" என்று மூடியை அறுத்தார். சொந்தமாகச் செய்பவர்களின் உலகத்தில் புதிதாக வந்தது எப்போதும் சரி, ஏற்கெனவே இருந்ததுதான் தப்பு.

சாயங்காலம் சாவியைத் திருப்பினார். கிளம்பிவிட்டது. சொல்லத்தான் வேண்டும், பிரமாதமாகக் கிளம்பியது. பொட்டுப் புகை இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மகள் முகத்தில்கூட உயிர் வந்தது. "நீங்கதான் முதல்ல ஓட்டணும்" என்று சம்பந்தியைப் பிடித்து உட்கார வைத்து, முதல் கியரைப் போடச் சொன்னார் நம்மவர்.

வண்டி பின்னால் போனது.

இரண்டாவது கியர் போட்டார்கள். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மூன்றாவதில் சம்பந்தியம்மா விலகியிருக்காவிட்டால் விபரீதமாகியிருக்கும். கடைசியில் ரிவர்ஸைப் போட்டார்கள். வண்டி முன்னால், ஆமை வேகத்தில் நகர்ந்தது. கத்தியும் எதிர்ப்பக்கம் சுற்றியதால் அதன் கூரில்லாத முதுகுதான் புல்லில் பட்டது. போன வழியெல்லாம் புல் வெட்டுப்படாமல், வகிடெடுத்து வாரியதைப் போல அழகாகப் படுத்துக் கிடந்தது.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம்மவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இன்ஜின் அருமையா இருக்கு. இனிமே முன்னாடி போகணும்னா ரிவர்ஸ் போடுங்க, பின்னாடி போகணும்னா மூணு கியர் இருக்கு. பழகிட்டா இதுதான் வசதி" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி" என்றார் சம்பந்தி.

பார்த்தீர்களா? அவராவது வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வார்? ஆளைக் கூப்பிட்டால் மருமகளின் அப்பாவை முட்டாள் என்று ஊருக்கு அறிவித்ததாகிவிடாதா? அந்தப் பெண் மனசு என்ன பாடுபடும்? ஆகவே அந்த நல்ல மனிதர், தினமும் தோட்டத்தின் மூலைவரை, மருமகள் கண்ணில் படும்படி வண்டியில் ஏறி, கழுத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு, பின்னாலேயே போய்ப் பின்னாலேயே வந்தார். புல்லை மட்டும் கைக்கத்தரியால், குனிந்து குனிந்து, மருமகள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து வெட்டினார். அவள் ஜன்னல் வழியாக அதையும் பார்த்துவிட்டாள்.

நம்மவர் தினம் போன் போடுவார். "வண்டி எப்படி சம்பந்தி?" "ஜம்முனு போகுது." எந்தப் பக்கம் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சம்பந்தியம்மா மட்டும் ஒருநாள் அடுப்படியில் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார். "உங்கப்பாவுக்கு வேற என்னென்ன ரிப்பேர் வேலை தெரியும்மா?" அடுத்த தடவை நம்மவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் தையல் மெஷினை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போர்வையால் மூடி வைத்தார். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அந்தப் போர்வையைப் பார்த்தபோது மகளுக்கு அழுகை வந்துவிட்டது.

நம்மவரும் மனைவியும் வந்து இறங்கினார்கள். வாசலில் வரவேற்ற சம்பந்தியின் கழுத்தைச் சுற்றிப் பட்டை. டாக்டர் போட்டது.

"என்ன சம்பந்தி இது?"

"ராத்திரி தூக்கத்துல புடிச்சுக்கிச்சு."

உள்ளே போய் எல்லோரும் உட்கார்ந்ததும் நம்மவர் பட்டையை உற்றுப் பார்த்தார். அவர் கண் பளபளத்தது. "இந்தக் கொக்கியை தப்பா வெச்சிருக்காங்க. கொஞ்சம் கழட்டிக் குடுங்க, நாமே சரி பண்ணிடலாம்."

"தொடாதீங்கப்பா" என்றாள் மகள்.

குரல் உயரவில்லை. ஆனாலும் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், கழுத்துப் பட்டைக்காரரைத் தவிர. அவரால் முடியாது.

"தூக்கத்துல புடிச்சுக்கலப்பா. தினமும் பின்னாடி பாத்து ஓட்டி ஓட்டிப் புடிச்சுக்கிச்சு. உங்ககிட்ட சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு மாமா சொல்லல. உங்ககிட்ட வண்டி நல்லா ஓடுதுன்னு நான் பொய் சொல்றேன். இங்க எங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும்னு பொய் சொல்றேன். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நான் எத்தனை நாள்பா பொய் சொல்லிட்டே இருக்கறது?"

நம்மவர் வாயைத் திறந்தார். "டிசைன்லயே..." என்று ஆரம்பித்தார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு, இந்த இனத்தின் வரலாற்றில் நான் கேள்விப்பட்டேயிராத ஒன்று நடந்தது.

"தப்பான இன்ஜினை வாங்கிட்டேன் சம்பந்தி."

"தெரியும் சம்பந்தி. அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எப்படி சொல்றது?"

மகள் அங்கேயே, அவர்கள் கண் முன்னால், மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் மறுநாள் காலையில் வருவதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். நம்மவரின் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கிவிட்டது, கேலிக்காகச் சொல்லவில்லை. சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே காபி கலக்க எழுந்தார்.

காபி வந்தபோது ஆண்கள் இரண்டு பேரையும் காணவில்லை. மருமகன் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினான். டிராக்டரின் மூடி திறந்திருந்தது. "நாளைக்கு வர்றவருக்கு வேலை மிச்சம், போல்ட்டை மட்டும் தளர்த்தி வெச்சிடலாமே" என்று சொல்லிக்கொண்டிருந்தது நம்மவர் இல்லை, கழுத்துப் பட்டைக்காரர்.

தொற்று வியாதி என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்களை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வண்டி பின்னால் போனது என்று படித்தீர்களே, அப்போது உங்களுக்கு நம்மவர் மேல் சிரிப்பு மட்டும்தான் வந்ததா? "பெல்ட்டைக் குறுக்கே முறுக்கி எட்டு மாதிரி மாட்டினால் திசை மாறிவிடுமே, இதற்கு எதற்கு மெக்கானிக்" என்று உள்ளே ஒரு குரல் எழவில்லையா? எழுந்திருந்தால், சிரிப்பை நிறுத்திவிட்டு உங்கள் மகளுக்கு ஒரு போன் போடுங்கள். மெஷின் எதையும் பற்றி விசாரிக்காதீர்கள். "எங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும்" என்று கடைசியாக யாரிடம் சொன்னாள் என்று மட்டும் கேளுங்கள்.