மொதல்லேர்ந்து அண்ணனும் என் அரைப் பக்கமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவியல் கட்டுரையைத் தடங்கலில்லாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டத் தெரியாத ஒரே மனிதர் ‘மொதல்லேர்ந்து’ அண்ணன்தான். அதை எழுதுபவரும் அவரேதான் என்பது என் தலையெழுத்து.

பம்ப்செட் கம்பெனியில் என்ஜினீயராக இருந்தவர் அவர். “எல்லாருக்கும் வெளங்குற மாதிரி சயின்ஸைத் தமிழ்ல எழுதப்போறேன்” என்று வேலையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் குடியிருந்த மாடி அறைக்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதியதை யாருக்காவது வாசிப்பார். கேட்பவருக்குப் புரியாவிட்டால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் அந்த வரியைத் திருத்திவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

ஒருமுறை வல்லத்திராக்கோட்டை சலூனில் ஃபிரிட்ஜ் பற்றி வாசித்தார். நாற்காலியில் நான். கடைக்காரர் மேல் தட்டிலிருந்த சீப்புக்காகக் கையை நீட்டினார்.

“புரியலையாண்ணே? சரி, மொதல்லேர்ந்து...”

“ஏங்க, சீப்பு எடுத்தேங்க!”

அன்றைக்கு அவர் நாலு முறை சீப்பு எடுத்தார். ஒரு பக்கக் கிருதாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிப்பட்டவருக்காக நான் ஒரு வார இதழில் கெஞ்சிக் கூத்தாடி அரைப் பக்கம் வாங்கினேன். வாராவாரம் அறிவியல். புதன்கிழமை ஐந்து மணிக்குள் முதல் கட்டுரை போகாவிட்டால், அந்த இடம் கோச்சிங் சென்டர் விளம்பரத்துக்குப் போய்விடும். திரும்பக் கிடைக்காது.

கட்டுரை ஜிபிஎஸ் பற்றி. செவ்வாயன்றே தயார். தலைப்பில் நானும் ஒரு வரி சேர்த்தேன்: ‘கடலில் நீங்கள் எங்கே போனாலும் சாட்டிலைட் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது!’

“தம்பி, அது பாக்காது.”

“ஒரு அழகுக்குத்தாண்ணே.”

“அப்ப ஜிபிஎஸ் வச்சிருக்கவர்ட்டயே வாசிச்சுப் பாத்துருவோம்.”

“அனுப்பிட்டுப் போவோம்ணே!”

“போயிட்டு அனுப்புவோம்.”

புதன்கிழமை, மணமேல்குடி. கரையில் அந்தோணி என்ற படகுக்காரர் மனைவியோடு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாசித்தார். என் வரிக்கு அந்தோணி பலமாகத் தலையாட்டினார். கை தூக்கவே இல்லை. எனக்கு ஒரே குஷி. கடைசிப் பத்திக்கு வந்துவிட்டோம்: ‘சாட்டிலைட் நேரத்தையும் தன் இடத்தையும் மட்டும் சொல்லிக்கொண்டே போகும். அதை வாங்கிக் கணக்குப் போடுவது உங்கள் கருவி. நீங்கள் இருப்பதே சாட்டிலைட்டுக்குத் தெரியாது.’

அந்தோணியின் கை மெல்ல மேலே போயிற்று.

“மொதல்ல பாத்துக்கிட்டே இருக்குன்னீங்க. இப்ப தெரியாதுங்கிறீங்க. எது சார் நெசம்?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

“தெரியாதுங்கிறதுதாண்ணே நெசம்” என்றார் அண்ணன் அந்தோணியிடம்.

“அப்ப நடுக்கடல்ல இஞ்சின் நின்னுபோனா, நான் நிக்கிற எடம் யாருக்கும் தெரியாதா?”

“அந்தப் பொட்டி ஒங்களுக்கு மட்டுந்தான் சொல்லும். அடுத்தவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்.”

அவர் மனைவி வலையைக் கீழே போட்டார். “நல்லாக் கேட்டுக்கங்க சார்! அத வாங்குனதுலேர்ந்து எங்கிட்டுப் போறேன்னு ஒரு வார்த்த சொல்றதில்ல. கேட்டா, ‘மேலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, போடி’ங்கிறாரு!”

மணி நாலே கால்.

“அண்ணே, என் வரியை எடுத்துட்டு அனுப்பிருவோம்!”

“எடுத்தாப் போதாது தம்பி. எல்லாரும் இப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அதத்தான் எழுதணும். மொதல்லேர்ந்து.”

மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முழுதையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்தபோது மணி ஆறு. அரைப் பக்கம் போயே போய்விட்டது. மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை.

நாலாவது நாள் காலையில், என் நம்பரை வாங்கி வைத்திருந்த அந்தோணியின் மனைவி கூப்பிட்டார். “தம்பி, இன்னைக்கு வடக்க போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. சார்ட்ட சொல்லிருங்க.”

வேறு வழியில்லாமல் சொன்னேன்.

“எத்தன மணிக்குத் திரும்புவாராம்?” என்றார் அண்ணன்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஃபோன் போட்டேன். நாலு மணியாம். நாலு அடித்தது. படகு வந்ததாகத் தகவல் இல்லை. அவர் பேனாவை மூடி வைத்தார். நான் லேப்டாப்பை மூடினேன். நாலே முக்காலுக்குப் படகு கரைக்கு வந்துவிட்டதாகத் தகவல் வந்ததும், கீழே கடையில் டீ சொன்னேன். இரண்டு டீ.