மணி அடிக்காத கண்ணாடி டெலிபோன்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமில்லாமல் கிடப்பது என் ஆபீஸில் நீ மாட்டிவிட்டுப் போன டெலிபோன் ஒன்றுதான். அதன் பொருட்டே இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் எதைச் சொன்னாலும் "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அத்தான்" என்று சொல்லி நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை ஆஃப் பண்ண முடியாது. உட்கார்ந்து கடைசிவரை படி.

லிப்ட் பழுது பார்க்கும் எங்கள் ஆபீஸ் உனக்குத் தெரியும். முன்னறையில் என் மேஜை, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி, பின்னறையில் மெக்கானிக்குகளும் கிரீஸ் வாசனையும். எந்தக் கட்டிடத்தில் லிப்ட் நின்றாலும் மணி அடிப்பது என் மேஜையில்தான். பட்டன் வைத்த பழைய போன் ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. இன்டர்நெட் வழியாகப் பேசினால் செலவு குறையும் என்று யாரோ முதலாளி காதில் ஓதிவிட்டார்கள். நானாவது சும்மா இருந்தேனா? "நம்ம மச்சான் இதுல புலி சார்" என்று சொல்லித் தொலைத்தேன். புலியும் மூன்று போன்களைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. முதலாளிக்கு விலை குறைந்தது எதுவோ அது போதும். பெரிய மெக்கானிக்கோ கேமரா வைத்த போனைக் காட்டி, லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் முகத்தைப் பார்த்தே ஆறுதல் சொல்லலாமே என்றார். நம் பக்கம் கேமரா இருந்தால் போதுமா, லிப்டுக்குள் யார் கேமரா வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். நீ குரல் துல்லியம், எதிர்காலம் என்று என்னென்னவோ பேசினாய். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. மூக்குக்கண்ணாடி போடாமலே எழுத்து தெரிந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பெரிய ஸ்க்ரீன் வைத்த தொடுதிரைப் போனைக் கைகாட்டினேன். "சூப்பர் செலக்ஷன் அத்தான்" என்று முதுகில் தட்டினாய். அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது.

மாட்டிய அன்றைக்கு இன்னொரு வித்தையும் காட்டினாய். ஆபீஸில் ஆள் இல்லாதபோது வருகிற அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிடலாம் என்றாய். சோதித்துப் பார்க்க உன் கைக்கு அகப்பட்டது உன் அக்காவின் செல்போன் நம்பர். அவள் எடுத்தாள், "சும்மா டெஸ்ட்டுக்கா" என்றாய், திருப்பியதை நிறுத்தினாய், எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாய். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வை, மச்சான். பின்னால் வருகிறேன்.

முதல் வாரம் சின்னச் சின்ன வியாதிகள். ஸ்க்ரீனில் வெயில் விழுகிறதே என்று போனை மேஜையின் மறுபக்கம் நகர்த்தியவன், திரும்பச் செருகும்போது சுவர்க் கேபிளைப் போனின் பின்னால் கம்ப்யூட்டருக்கு உண்டான துளையில் செருகிவிட்டேன். இணைப்பு இல்லை, இணைப்பு இல்லை என்று அது அரைநாள் எழுதிக் காட்டியது. அதைச் சரிசெய்தால், நான் பேசுவது எதிராளிக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. காதில் மாட்டுகிற கருவியின் படத்தை விரல் தெரியாமல் தொட்டிருக்கிறது, குரலெல்லாம் இல்லாத கருவிக்குப் போயிருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் புலம்பினேன். நான் சொல்றது எல்லாருக்கும் கேக்குது, அவங்க சொல்றது மட்டும் என் காதுல விழமாட்டேங்குது என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "உங்களுக்கு அது பழக்கந்தானே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இனிமேல் இந்த வீட்டில் ஆபீஸ் போனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சட்டம் போட்டேன். "சரிங்க" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் நான் உஷாராகியிருக்க வேண்டாமோ?

அடுத்த திங்கட்கிழமை முதலாளி வந்து, புதுப் பொருள் புதுசா தெரியணும் என்று ஸ்க்ரீன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை உரித்து எறிந்தார். உரித்தவர் தன் கைரேகை அத்தனையையும் அதில் பதித்துவிட்டுப் போனார். உனக்குத்தான் தெரியுமே, மஞ்சள் துணியால் மேஜையில் ஒவ்வொரு பொருளையும் துடைக்காமல் நான் நாற்காலியில் உட்கார மாட்டேன். போனையும் துடைத்தேன். பளபளவென்று ஆனது. மேல் மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று முளைத்திருந்தது. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள்போல என்று ரசித்துவிட்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து மணி அடிக்கவே இல்லை.

அந்த வாரம் பார்த்தா இப்படி நடக்கவேண்டும்? ஊர்க்கோடி அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒப்பந்தம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. எங்கள் வேலையில் பாதி அந்தக் கட்டிடத்து லிப்டுகள்தான். புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அங்கே குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். இந்த வாரம் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவேன், எடுக்கிறீர்களா என்று பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். முதலாளி என் மேஜைக்கு வந்து, "அது போச்சுன்னா இந்த ரூம்ல ஒரு நாற்காலி கொறஞ்சிரும்" என்றார். முன்னறையில் இருப்பதே ஒரு நாற்காலிதான்.

நான் போனை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சாப்பாடும் அதன் முன்னால்தான். என் செல்லிலிருந்து ஆபீஸ் நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தால் எங்கேஜ்டு. கண்ணெதிரே அது பச்சைக் குழந்தைபோலத் தூங்குகிறது, ஆனால் எங்கேஜ்டு. உன்னைக் கேட்டேன், ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாய். பண்ணினேன். அம்புக்குறி அழகாகத் திரும்பி வந்தது. இதில் இன்னொரு கூத்து, பெரிய மெக்கானிக் நாள் முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறார். ஒரு புகாரும் வராமல் இவர் எங்கே போகிறார்? தனியாகத் தொழில் நடத்துகிறார் என்றே முடிவு கட்டினேன். கேட்டால், "எல்லாம் அண்ணி சொன்ன எடத்துக்குத்தான் சார்" என்றார். அவர் வீட்டு அண்ணிக்கு என்ன வேலையோ என்று விட்டுவிட்டேன். எனக்கு என் கவலை.

வெள்ளிக்கிழமை செயலாளர் நேரிலேயே வந்துவிட்டார். போச்சு, நாற்காலி போச்சு என்று எழுந்தே நின்றேன். அவர் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த வாரம் நான்கைந்து தடவை கூப்பிட்டாராம், மறுமணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்களாம். அவருடைய மாமியார் லிப்டில் மாட்டிக்கொண்டபோது, மெக்கானிக் வந்து கதவைத் திறக்கிறவரை இங்கே போன் எடுத்த அந்தம்மா போனை வைக்காமல் கூடவே பேசிக்கொண்டிருந்தார்களாம். மாமியார் வெளியே வந்த பிறகும் பேச்சை நிறுத்த மனசில்லாமல் லிப்டுக்குள்ளேயே நின்றாராம். இதைச் சொல்லிக்கொண்டே செயலாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"எந்தம்மா?" என்றார் முதலாளி.

"அதாங்க, பேசும்போது பின்னால குக்கர் விசில் கேக்குமே, அவங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அந்த அம்புக்குறி எந்த வீட்டை நோக்கி வளைந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து ஏன் சொல்லவில்லை என்று குதித்தேன். ஆபீஸ் போனைப் பற்றிப் பேசக்கூடாது என்று சட்டம் போட்டது யார் என்று கேட்டாள். ஆபீஸுக்கே கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தாளாம், அவள் கூப்பிட்டது அவளுக்கே வந்து எங்கேஜ்டு ஆகிவிட்டதாம். நான் கூப்பிட்டபோது எங்கேஜ்டு வந்ததும் அவள் யாரோடோ பேசிக்கொண்டிருந்ததால்தான். சரி, உள்ளே மாட்டியவர்களை அப்படியே விட முடியுமா என்று பெரிய மெக்கானிக்கின் நம்பரைத் தேடிப்பிடித்து அவளே ஆள் அனுப்பியிருக்கிறாள். அப்புறம் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "நாள் பூரா வீட்ல போன் அடிச்சா உங்களையோ பிள்ளைங்களையோதான் கேப்பாங்க. இந்த வாரந்தான் என்கிட்ட பேசணும்னு கூப்பிட்டாங்க" என்றாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இன்று சனிக்கிழமை காலை, மஞ்சள் துணியும் கையுமாக ஒரு பரீட்சை வைத்தேன். இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு, அம்புக்குறி வந்தது, நீ அழிக்காமல் விட்ட நம்பருக்கு அழைப்பும் திரும்பியது. வலமிருந்து இடமாக ஓர் இழுப்பு, போய்விட்டது. தினமும் நான் ஒரே பக்கமாகத் துடைத்துவிட்டுத் துணியை மடித்து வைக்கிறவன். முதல் நாள் வந்தது அடுத்த நாள் துடைப்பில் போகவும் இல்லை. பிளாஸ்டிக் உறை இருந்தவரை துணியின் இழுப்பு அதற்கு எட்டவில்லைபோல. இப்படியொரு போனை ஊரில் யாராவது சுத்தக்காரனுக்கு விற்பார்களா? ஆகையால், ஞாயிற்றுக்கிழமை நீயே நேரில் வந்து உன் அக்கா நம்பரை அதிலிருந்து அடியோடு அழித்துவிட்டு, என் மேஜையின் மணியை என் மேஜைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவும். துடைத்த கதை முதலாளிக்குத் தெரியவேண்டாம். உன் அக்காவும் பாவம், ஓய்வெடுக்கட்டும்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், உனக்கு ஆசீர்வாதமும் அதில் கலந்த கொஞ்சம் திட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: வரவேண்டாம். கடிதத்தை உறையில் போடுவதற்குள் முதலாளி கூப்பிட்டு, அந்தம்மாவையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வீட்டிலிருந்தே எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். உன் அக்கா அவரிடம் எல்லாக் கதையையும் சொல்லியாகிவிட்டது. அந்த நம்பரைத் தொட்டாயானால் உனக்கு இனி எங்கள் வீட்டில் சோறு கிடையாது என்று அவளே எழுதச் சொன்னாள். என் நாற்காலி இருக்கிறது. தினமும் காலையில் இடமிருந்து வலமாகத் துடைப்பது இனி என் வேலைகளில் ஒன்று. இன்றைக்குத் துடைத்துவிட்டு, சரியாகப் போகிறதா என்று என் செல்லிலிருந்து ஆபீஸ் நம்பரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். நான்தான் பேசுகிறேன் என்றேன். குக்கர் ஒரு விசில் அடித்தது. "பதறாம சொல்லுங்க," என்றாள் உன் அக்கா, "எத்தனாவது மாடில மாட்டியிருக்கீங்க?"