ஏழாவது எலிக்குப் பொன்னாடை

1998 டிசம்பர் மாதம் சான் ஹோசேயில் வசித்த சிப் டிசைன் இன்ஜினியர் கிட்டுசாமிக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. கிறிஸ்துமஸ் பாலே நடனத்தில் தன் எட்டு வயது மகள் வெண்பா ஆடுவதைக் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு ஏழாவது எலி வேஷம். முதல் பாதியில் இரண்டே நிமிஷம் ஆட்டம்.

பேசாமல் மனைவி தனபாக்கியத்தோடு போய்ப் பார்த்திருக்கலாம். விதி யாரை விட்டது? தமிழ் மன்றத்துக்கு ஈமெயில் போட்டுவிட்டார். அவரையும் சேர்த்து, குடும்பம் குட்டியோடு நாற்பத்திரண்டு பேர் டிக்கெட் வாங்கினார்கள்.

மன்றத்தின் சட்டப்படி, இருபத்தைந்து உறுப்பினர் எங்கே கூடினாலும் அது மன்ற விழா. ஒருமுறை இந்தியக் கடையில் முருங்கைக்காய் வந்த அன்று தற்செயலாக இருபத்தாறு பேர் கூடிவிட்டார்கள். தலைவருக்கு மாலை போட்டு, நன்றியுரை முடிந்த பிறகுதான் காயில் கை வைக்க விட்டார்கள். அப்பேர்ப்பட்ட மன்றம்.

அரங்கில் விளக்குகள் மங்கின. தலைவர் செல்வராஜ் எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய..."

டார்ச் லைட்டோடு ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா ஓடி வந்தாள். பேசுவதானால் வெளியே போய்ப் பேசச் சொன்னாள். தலைவர் அதை அழைப்பாகவே எடுத்துக்கொண்டார். தலைவர் பேசும்போது உட்கார்ந்திருப்பது மரபல்ல என்று மற்ற எல்லோரும் பின்னாலேயே லாபிக்குப் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. இனி இடைவேளைக்குத்தான் திறப்பார்களாம்.

கிட்டுசாமி தலைவரிடம் ஓடினார்.

"தலைவரே, எம் பொண்ணு முதல் பாதியிலயே வந்துட்டுப் போயிருவாளுங்க."

"கிட்டுசாமி, எலி முக்கியமா, மரபு முக்கியமா?"

"எலிதானுங்க."

"உணர்ச்சிவசப்படாதீங்க. வரவேற்புரை உங்களுது."

கையோடு கொண்டுவந்த குத்துவிளக்கை ஏற்ற நெருப்புக்கு அனுமதி இல்லை. பாட்டியம்மாவிடம் டார்ச்சைக் கடன் வாங்கி, திரிமேல் அடித்து, எல்லோரும் கை தட்டினார்கள். கிட்டுசாமி கதவில் ஒரு காதை ஒட்டியபடியே வரவேற்றார். உள்ளே பாட்டு வேகமெடுத்தது. தடதடவென்று கால்கள்.

"எலிங்க வந்துருச்சு போலிருக்கு!" என்றார் தனபாக்கியத்திடம்.

"வந்தா வரட்டும். தலைவர் பேரை விட்டுட்டீங்க, மறுபடி சொல்லுங்க" என்றாள் அவள்.

தலைவர் 'பாலேயும் பழந்தமிழரும்' என்று நாற்பது நிமிஷம் பேசினார். நன்றியுரை முடியவும் இடைவேளை மணி அடிக்கவும் சரியாக இருந்தது. விழா இனிதே முடிந்ததால், இரண்டாம் பாதியைச் சமோசாவுக்கு ஒதுக்கினார்கள்.

கடைசியில் வெண்பா வெளியே வந்தாள். தலைவர் பொன்னாடை போர்த்தினார். எட்டு முழம், பிள்ளையின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"ஏழு எலியில நீதாம்மா டாப்" என்றார் செயலாளர் வாஞ்சிநாதன்.

"முகத்துல என்ன பாவனை! நான் அசந்துட்டேன்" என்றாள் ருக்மிணி ஆன்ட்டி.

கிட்டுசாமியும் குனிந்தார். "அந்தக் கடைசிக் குதி இருக்கே கண்ணு, அப்பா அழுதுட்டேன்."

வெண்பா எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, ஐ டிடின்ட் டான்ஸ். அம்மா சவுரி வச்சு குஞ்சலம் கட்டினாங்கல்ல? எலி மாஸ்க் தலையில போகவே இல்ல. மிஸ் என்னை உக்கார வச்சுட்டாங்க."

தலைவர் ஒரு சமோசாவை எடுத்துக் கடித்தார்.

ஜனவரியில் மன்றக் கூட்டம். 'செல்வி வெண்பாவின் எலி நடனம் காண்போர் கண்களைக் குளமாக்கியது' என்று வாஞ்சிநாதன் அறிக்கை வாசித்தார்.

கிட்டுசாமி எழுந்தார். "அவ ஆடவே இல்லைங்களே."

"சார், ஆடினதைப் பார்த்தவங்க நாற்பத்திரண்டு பேர். ஆடலைன்னு சொல்றது ஒரே ஒரு ஆள், அதுவும் மைனர். மன்றம் யாரை நம்பறது?"

நியாயமான கேள்வி. ஓட்டுக்கு விட்டார்கள். ஆடினாள் என்று மளமளவென்று நாற்பத்தொரு கைகள் எழுந்தன.

கிட்டுசாமி கொஞ்சம் யோசித்தார். அந்தக் கடைசிக் குதி அவருக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. கையைத் தூக்கினார்.